‘இது எங்க கம்பெனி சிப்பா?’ – கைப்பேசிக்குள் நடக்கும் போட்டி

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தையின் கைப்பேசியில் போன மாதம் வங்கிச் செயலி நின்றுபோனது. கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் கீறல்கூட இல்லை, பேட்டரி இரவு வரை தாங்குகிறது, வாட்சப் ஓடுகிறது. வங்கிச் செயலி மட்டும், ‘புதிய பதிப்பு இந்தக் கைப்பேசியில் இயங்காது’ என்று ஒற்றை வரியில் கையை விரித்துவிட்டது. முன்பென்றால் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தட்டிப் பணத்தை அனுப்பிவிடலாம். மோசடிகள் பெருகியதால் அந்த முறையைக் கைவிடும்படி 2022-இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னது. அதற்குப் பிறகு ஒப்புதல் கொடுப்பது மெல்ல மெல்லச் செயலிக்குள் போய்விட்டது. செயலி நின்றதும் பேத்தியின் டியூஷன் கட்டணமும் நின்றது.

ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் வந்து, கொம்தாரில் ஒரு கைப்பேசிக் கடைக்குப் போனோம். அத்தை சொன்ன விலைக்குள் மூன்றை எடுத்து வைத்த கடைப் பையன் வாய்ப்பாடு போல ஒப்பித்தான்: இது ஸ்நாப்டிராகன், இது டைமென்சிட்டி, இது எக்சினோஸ், மூன்றும் ஆண்ட்ராய்டு. அத்தை மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, இதுல எங்க கம்பெனி சிப் எது?”

அத்தையின் கம்பெனி இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் கட்டிய முதல் ஆலை பினாங்கில்தான், 1972-இல். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு 1979-இல் அத்தை அங்கே ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது. அதுவரை விடியற்காலை ஃபெர்ரி, அப்புறம் பாயான் லெப்பாசுக்குக் கம்பெனி பஸ். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, சிப்பின் ஓரத்திலிருந்து வெளிக்கால்களுக்கு இழுத்து ஒட்டுவது வேலை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை சிப் என்று கேட்டால் எண்ணைச் சொல்லமாட்டார். “கண்ணு போச்சு” என்று மட்டும் சொல்வார்.

கடைப் பையன் என்னைப் பார்த்தான். “எதிலும் இல்லை அத்தை” என்று முடித்திருக்கலாம். ஆனால் ஏன் இல்லை என்று சொல்லப் போனால் கைப்பேசி உலகத்தின் பாதிக் கதை வந்துவிடும். மீதிப் பாதி, அந்த வங்கிச் செயலி ஏன் நின்றது என்பதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ரவிக்கைக் கணக்கு

கைப்பேசிக்குள் இருக்கும் முதன்மைச் சிப் நகக்கண் அளவுதான். நாளிதழ்களில் சில்லு என்று எழுதுவார்கள். கடையில் எல்லோரும் சொல்வது சிப். கணக்குப் போடும் மூளை, படம் வரையும் பகுதி, கேமரா எடுத்ததைச் சீராக்கும் பகுதி, பாதுகாப்புப் பெட்டகம், பெரும்பாலும் தொலைத்தொடர்புக் கோபுரத்தோடு பேசும் மோடமும் என்று எல்லாம் அந்த நகக்கண்ணுக்குள்ளேயே. மேசைக் கணினியில் தனித்தனிப் பலகைகளாக இருந்தவற்றை ஒரே வீட்டில் குடிவைத்தது போல.

இந்த ஒரு சிப்பை ஒரே கம்பெனி செய்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நான்கு கை மாறி வருகிறது. அத்தைக்கு நான் ரவிக்கையை வைத்துச் சொன்னேன். ஒருவர் அளவு அட்டை வெட்டித் தருகிறார். இன்னொருவர் அதை வாங்கி, கழுத்தை மாற்றி, கையை நீட்டி, தன் மாதிரியை உருவாக்குகிறார். மூன்றாமவரிடம் பெரிய தையல் கூடம் இருக்கிறது. யார் மாதிரி கொடுத்தாலும் தைத்துத் தருவார். நான்காமவர் கொக்கி வைத்து, பிசிறு வெட்டி, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, மடித்துப் பெட்டியில் வைக்கிறார்.

அளவு அட்டை வெட்டுபவர் ஆர்ம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1990-இல் ஏக்கார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். காலங்காலமாக வடிவமைப்பை மட்டும் விற்றுப் பிழைத்த நிறுவனம் இது. ஆனாலும் இன்று நம் பைகளில் இருக்கும் கைப்பேசிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதன் அட்டைதான். மாதிரி உருவாக்குபவர்கள் அமெரிக்காவின் குவால்காம், தைவானின் மீடியாடெக், ஆப்பிள், சாம்சுங், ஹுவாவே, கூகுள் போன்றவர்கள். கடைப் பையன் சொன்ன ஸ்நாப்டிராகன் குவால்காமுடையது, டைமென்சிட்டி மீடியாடெக்குடையது, எக்சினோஸ் சாம்சுங்குடையது. தையல் கூடம் என்றால் முதலில் தைவானின் டிஎஸ்எம்சி. 1987-இல் மோரிஸ் சாங் அதைத் தொடங்கியபோது ‘எனக்கென்று சொந்தச் சரக்கு கிடையாது, உங்கள் சரக்கை மட்டும் தைத்துத் தருகிறேன்’ என்பதுதான் வியாபாரமே. கடைத்தெருவில் முட்டிக்கொள்ளும் ஆப்பிள், குவால்காம், மீடியாடெக் மூவரும் தங்கள் உயர்ரகச் சிப்புகளுக்கு அந்த ஒரே கூடத்தின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

கொக்கி வைத்து, சோதித்து, மடிப்பது பினாங்கு.

“கொக்கி இல்லாம எந்த ரவிக்கைய போடுவ?” என்றார் அத்தை. நியாயமான கேள்வி. சிப்பைப் பொதிவதும் சோதிப்பதும் சில்லறை வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது பல சிறு சிப்புகளை அருகருகே அடுக்கி ஒரே சிப் போல வேலை செய்ய வைக்கும் பொதிதல்தான் பெரிய வித்தையாகிவிட்டது. அதற்கான கூடத்தைப் பினாங்கில் கட்ட 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை 2021-இல் இன்டெல் அறிவித்ததும் அதனால்தான்.

கைநழுவிய கைப்பேசி

மேசைக் கணினிக் காலத்தில் இன்டெல் இந்த நான்கு வேலையையும் தானே செய்தது. அட்டை, மாதிரி, தையல், கொக்கி எல்லாம் ஒரே கூரை. மேலே மைக்ரோசாஃப்டின் விண்டோஸ், உள்ளே இன்டெல் சிப் என்று இரண்டும் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் கணினி உலகத்தை ஆண்டன. அப்படிப்பட்டவர்கள் கைப்பேசியில் ஏன் இல்லை?

வாய்ப்பு வராமல் இல்லை, வாசல் வரை வந்தது. ஐபோனுக்கு ஒரு சிப் செய்து தர முடியுமா என்று ஆப்பிள் இன்டெல்லிடம் கேட்டது. ஆப்பிள் சொன்ன விலை, இன்டெல் போட்ட உற்பத்திச் செலவுக் கணக்குக்குக் கீழே இருந்தது. எத்தனை விற்கும் என்றும் யாருக்கும் தெரியாது. இன்டெல் மறுத்துவிட்டது. ஏறக்குறைய அதே நேரம், 2006-இல், தன்னிடம் இருந்த ஆர்ம் வகைக் கைப்பேசிச் சிப் பிரிவான எக்ஸ்-ஸ்கேலை மார்வெல் நிறுவனத்துக்கு 600 மில்லியன் டாலருக்கு விற்றும்விட்டது. 2007 ஜனவரியில் ஐபோனை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. அப்போதைய இன்டெல் தலைவர் பால் ஒட்டலினி ஓய்வு பெறும் வேளையில், 2013-இல், இதை ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: செலவுக் கணக்கும் தப்பு, விற்பனை எதிர்பார்த்ததைப் போல நூறு மடங்கு.

பிறகு விழித்துக்கொண்டு ஓடியது. ‘ஆட்டம்’ (Atom) என்ற தன் சிப்பைக் கைப்பேசிக்குள் நுழைத்தது. 2014-இல் மலேசியாவில் பரபரப்பாக விற்ற ஆசுஸ் சென்ஃபோன் நினைவிருக்கிறதா? அதன் முதல் வரிசையில் இருந்தது இன்டெல் சிப். நானும் ஒன்று வைத்திருந்தேன். உள்ளே இருப்பது அத்தை கம்பெனியின் சரக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இன்டெல்லின் கைப்பேசிப் பிரிவு 4.2 பில்லியன் டாலர் இழந்தது. 2016-இல் கைப்பேசிச் சிப்பைக் கைவிட்டது. அத்தை ஓய்வு பெற்றதும் அதே வருடம்.

இவ்வளவு பணமும் திறமையும் இருந்தும் ஏன் தோற்றது என்பதுதான் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். சிப் மோசமில்லை. ஆனால் இன்டெல்லின் அடிப்படை வடிவம் சுவரில் செருகிய இயந்திரத்துக்காகப் பிறந்தது. ஆர்ம் தொடக்கத்திலிருந்தே குறைந்த மின்சாரத்தில் வாழக் கற்றது. அடுத்தது, அதற்குள் ஆண்ட்ராய்டு செயலிகளில் பலவும் ஆர்ம் மொழியிலேயே எழுதப்பட்டுவிட்டன. இன்டெல் சிப்பில் அவற்றை ஓட்ட நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, மோடம்.

மோடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குவால்காமின் பலமே அதுதான். 1985-இல் சான் டியாகோவில் தொடங்கிய காலத்திலிருந்து கைப்பேசியும் கோபுரமும் பேசிக்கொள்ளும் முறைகளில் ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் சிப்பை வாங்காதவர்கூடக் காப்புரிமைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதுவும் சிப்பின் விலையில் இல்லை, முழுக் கைப்பேசியின் விலையை வைத்துக் கணக்கு. திரையையும் கேமராவையும் நாங்கள் நல்லதாகப் போட்டால் உங்களுக்கு ஏன் கூடுதல் காசு என்று கேட்டு ஆப்பிள் 2017-இல் வழக்குப் போட்டது. குவால்காமை விட்டு விலக, அதற்கு முந்தைய வருடமே தன் ஐபோன்களில் இன்டெல் மோடத்தைப் போடத் தொடங்கியிருந்தது. ஆமாம், ஐபோன் 7 தொடங்கி 11 வரை பல ஐபோன்களில் அத்தையின் கம்பெனிச் சரக்கு இருந்தது. ஆனால் 5ஜி வந்தபோது இன்டெல் மோடம் தயாராகவில்லை. 2019 ஏப்ரலில் ஆப்பிள் குவால்காமோடு சமாதானம் செய்துகொண்டது. அதே நாளில் இன்டெல் 5ஜி கைப்பேசி மோடத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சில மாதங்களில் அந்தப் பிரிவை ஏறக்குறைய 1 பில்லியன் டாலருக்கு ஆப்பிளே வாங்கிக்கொண்டது. அந்த வழியில் வந்த ஆப்பிளின் முதல் சொந்த மோடம் 2025 பிப்ரவரியில் ஐபோன் 16இ-யில் வெளிவந்தது. வாங்கிய நாளிலிருந்து ஐந்தரை வருடம். மோடம் எவ்வளவு கடினமான சரக்கு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மீடியாடெக் வந்த வழி முற்றிலும் வேறு. இரண்டாயிரத்து சொச்சங்களில் இரண்டு சிம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், டிவி ஆண்டெனா எல்லாம் வைத்து மலிவான சீனா போன்கள் இங்கே குவிந்தன அல்லவா? அவற்றில் பலவற்றின் உள்ளே மீடியாடெக்தான். சிப்பை மட்டும் விற்காமல், பலகையை எப்படிப் போடுவது, மென்பொருளை எப்படி ஏற்றுவது என்று சமைத்த சாப்பாடாகவே கொடுத்தது. பொறியாளர் படையே இல்லாத சிறு கம்பெனிகள்கூடக் கைப்பேசி செய்ய முடிந்தது. ‘மலிவுச் சரக்கு’ என்ற பெயர் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று உலகில் விற்கும் கைப்பேசிச் சிப்புகளின் எண்ணிக்கையில் குவால்காமை முந்தி நிற்கிறது. விலையுயர்ந்த ஆண்ட்ராய்டுகளில் மட்டும் இன்னும் குவால்காம் கொடிதான். டைமென்சிட்டி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பத்து வருடப் பழைய கோபத்தைச் சுமக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சொந்தமாகச் சிப் செய்பவர்களில் ஆப்பிள் தனி ரகம். 2010-இல் ஏ4, 2013-இல் கைப்பேசிக்கான முதல் 64-பிட் சிப்பான ஏ7 என்று போனது. யாருக்கும் விற்காது, தனக்கு மட்டும். சாம்சுங்கின் நிலைமை வேடிக்கை. ஒரே பெயருள்ள கேலக்சி எஸ் கைப்பேசியை ஒரு நாட்டில் தன் எக்சினோசோடும் இன்னொரு நாட்டில் குவால்காம் ஸ்நாப்டிராகனோடும் விற்றிருக்கிறது. தன் வீட்டுச் சமையலை வைத்துக்கொண்டு பாதி விருந்தினருக்கு வெளியே வாங்கிப் பரிமாறுவது போல.

பசார் மாலாம் பாடம்

சிப் உடம்பென்றால், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளம் அதை ஆட்டுவிக்கும் உயிர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அந்த உவமை பிடிக்காது. போட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இயங்குதளத்தைப் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, நடக்கும் திடலாக நினைத்துப் பாருங்கள். திடல்காரர் இடம் தருகிறார், விளக்குப் போடுகிறார், யார் எங்கே கடை போடலாம் என்று விதி வைக்கிறார். கடைகள்தான் செயலிகள். கூட்டம் நாம்.

கூட்டம் எங்கே போகும்? கடைகள் நிறைய இருக்கும் திடலுக்கு. கடைக்காரர் எங்கே போவார்? கூட்டம் இருக்கும் திடலுக்கு. பக்கத்துத் தெருவில் ஒருவர் தரையெல்லாம் பளபளவென்று ஓடு பதித்து, இருக்கை போட்டு, புதுத் திடல் திறந்தாலும் அங்கே மூன்றே கடை என்றால் நீங்கள் காரை நிறுத்துவீர்களா? அப்பாம் பாலிக் விற்பவர்தான் இரண்டாவது வாரமும் வருவாரா?

மைக்ரோசாஃப்டுக்கு நடந்தது இதுதான். விண்டோஸ் ஃபோன் பார்க்க அழகு, மலிவான கைப்பேசியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். 2011 பிப்ரவரியில், அதுவரை சிம்பியன் என்ற இயங்குதளத்தை நம்பி உலகத்தின் கைப்பேசி ராஜாவாக இருந்த நோக்கியா, இனி விண்டோஸ் ஃபோன்தான் என்று முடிவெடுத்தது. 2014-இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மறுவருடமே அதில் 7.6 பில்லியன் டாலரை நட்டமாக எழுதித் தள்ளியது. கடைகள் வரவில்லை. கூகுள் தன் யூடியூப் செயலியை அதற்குச் செய்து தரவில்லை. மைக்ரோசாஃப்டே ஒன்றைச் செய்தபோது, 2013-இல், விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று கூகுள் அதை முடக்கியது. போட்டித் திடலின் சொந்தக்காரரே ஊரின் பெரிய கடைக்கும் சொந்தக்காரராக இருந்தால் வேறென்ன நடக்கும்?

பிளாக்பெர்ரியும் அப்படித்தான். ஒரு காலத்தில் கோலாலம்பூர் அலுவலகங்களில் அந்தக் குட்டி விசைப்பலகை இல்லாத கை கிடையாது. அதன் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதி அணைந்தன.

இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு திடல்கள்: ஆப்பிளின் ஐஓஎஸ், கூகுளின் ஆண்ட்ராய்டு. ஐஓஎஸ் ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டை 2005-இல் கூகுள் வாங்கியது, 2008-இல் முதல் கைப்பேசி வந்தது, எந்தக் கம்பெனியும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இலவசம் என்பதை நாசி கண்டார் கடைக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே சோறு மலிவு. தட்டில் அதன்மேல் என்ன விழுகிறதோ அதில்தான் கடைக்காரர் கை. ஆண்ட்ராய்டின் அடிப்படைச் சோறு உண்மையிலேயே இலவசம். பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் என்ற குழம்பு வேண்டுமானால் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். தேடுபொறி முன்பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னும் பல நிபந்தனை. இந்த நிபந்தனைகள் போட்டியை நசுக்குகின்றன என்று சொல்லி ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 4.34 பில்லியன் யூரோ தண்டம் போட்டது.

எதிரிகள் என்று நாம் நினைக்கும் இருவருக்கும் நடுவில் ஓடும் பணம் இன்னொரு கதை. ஐபோனில் கூகுள் தேடலே முதலில் வர வேண்டும் என்பதற்காக 2022-ஆம் ஆண்டுக்கு மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 20 பில்லியன் டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது. ஆண்ட்ராய்டா ஐபோனா என்று மாமாக் கடையில் மேசையைத் தட்டிச் சண்டை போடும் என் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

குழம்பு இல்லாமல் வெறும் சோற்றை வைத்து வாழ முடியுமா என்பதற்கு ஹுவாவேதான் பாடம். அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்துக்குப் பிறகு வந்த அதன் புதுக் கைப்பேசிகளில் கூகுள் செயலிகள் இல்லை. மறுவருடம் தையல் கூடமும் மூடிக்கொண்டது; டிஎஸ்எம்சி அதற்குச் சிப் தைக்க முடியாமல் போனது. மாதிரி வரையத் தெரிந்தும் தைக்க ஆளில்லை. மலேசியாவில் அப்போது ஹுவாவே கைப்பேசி வைத்திருந்தவர்கள் ஏராளம். கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலி ஆப்பிள், கூகுள் கடைகளோடு ஹுவாவேயின் ஆப்கேலரியிலும் கிடைத்தது அதனால்தான். 2023 ஆகஸ்டில் சீனாவின் எஸ்எம்ஐசி தைத்த சிப்போடு மேட் 60 புரோ வந்தது. 2024-இல் ஆண்ட்ராய்டு செயலி எதையும் ஏற்காத தன் சொந்த இயங்குதளமான ஹார்மனியின் பதிப்பையும் வெளியிட்டது. மூன்றாவது திடல் ஒன்று உருவாகிறது என்றால் அது அங்கேதான். ஆனால் அதற்கு ஒரு நாட்டின் சந்தையே முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

திடல்காரர் விதி என்பது தமிழ் எழுதும் நமக்குப் புதிதில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தது. பிறகு ஐபோன் வந்தபோது, வெளியார் செய்த விசைப்பலகையை மற்றச் செயலிகளுக்குள் பயன்படுத்த ஆப்பிள் விடவில்லை. தமிழில் எழுத வேண்டுமானால் செல்லினத்துக்குள் தட்டி, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். 2013-இல் ஐஓஎஸ் 7-இல்தான் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வந்தது. வெளியார் விசைப்பலகைக்கு 2014-இல் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டில் கதவு ஏறக்குறைய முதலிலிருந்தே திறந்திருந்தது, ஆனால் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒன்றில் பார்க்கலாம், எழுதச் சிரமம். மற்றதில் எழுத வழியுண்டு, பார்க்க முடியாது!

அத்தையின் செயலி ஏன் நின்றது

சிப்பும் இயங்குதளமும் ஒன்றையொன்று முட்டும் இடம் இதுதான். கடையில் யாரும் சொல்வதில்லை.

ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பைக் கூகுள் வெளியிட்டதும் அது நேராக உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடாது. கேமராவை எப்படி இயக்குவது, மோடத்தோடு எப்படிப் பேசுவது என்று ஒவ்வொரு சிப்புக்கும் தனி மென்பொருள் உண்டு, டிரைவர் என்பார்கள். புதிய பதிப்புக்கு ஏற்ப அதைச் சிப் கம்பெனி திருத்தித் தர வேண்டும். பிறகு கைப்பேசிக் கம்பெனி தன் பங்குக்குத் திருத்த வேண்டும். சிப் கம்பெனிக்கு அதில் வருமானம் இல்லை. அது ஏற்கெனவே அடுத்த சிப்பை விற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் ‘இந்தச் சிப்புக்கு இனி இல்லை’ என்று நிறுத்திவிடும். கைப்பேசிக் கம்பெனி நினைத்தாலும் அதற்குமேல் சிரமம். அதுவும் பெரும்பாலும் நினைப்பதில்லை.

அத்தையின் கைப்பேசி வாங்கி ஆறு வருடம். அதன் ஆண்ட்ராய்டு இரண்டு முறை மாறியது, அப்புறம் நின்றது. பழைய பதிப்புகளின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லை என்பதால் வங்கிகள் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளவற்றை வெட்டிவிடுகின்றன. கைப்பேசி நல்ல நிலையில் இருப்பது வங்கிக்கு ஒரு பொருட்டில்லை.

ஆப்பிளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சிப்பும் இயங்குதளமும் கைப்பேசியும் ஒரே வீடு. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 வரை ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இது நெடுநாள் தலைக்குனிவு. 2017-இல் கூகுள் ஆண்ட்ராய்டை இரண்டு அடுக்காகப் பிரித்தது; சிப்போடு ஒட்டிய அடுக்கைத் தொடாமல் மேலடுக்கை மட்டும் மாற்ற முடியும் என்ற ஏற்பாடு. குவால்காமோடும் மற்றவர்களோடும் பேசிப் பேசிக் காலம் நீண்டது. 2023-இல் தன் பிக்சல் 8 கைப்பேசிக்குக் கூகுள் ஏழு வருட மேம்பாடு என்றது. 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24-க்குச் சாம்சுங்கும் ஏழு என்றது. விலை குறைந்த கைப்பேசிகளுக்கும் இந்தக் காற்று மெதுவாக வீசுகிறது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம், விற்பனையிலிருந்து ஒரு கைப்பேசியை எடுத்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மேம்பாடு கிடைக்க வேண்டும் என்று சட்டமாகவே போட்டிருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

ஆக, கடையில் என்ன கேட்கலாம்? எத்தனை கோர், எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாததைக் கேளுங்கள்: பாதுகாப்பு மேம்பாடு எந்த வருடம் வரை? வருடத்தை எண்ணும்போது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த இரண்டு வருடமும் கழிந்துபோனதுதான்.

நான் இதைக் கேட்டதும் கடைப் பையன் தலையைச் சொறிந்தான். முதலாளியைக் கூப்பிட்டான், அவருக்கும் தெரியவில்லை. மூன்றின் பெயரையும் கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் ஒவ்வொன்றாகத் தேடினோம். மூன்றில் ஒன்று இரண்டே வருடம். இன்னொன்று நான்கு. மூன்றாவது, மூன்றிலும் கேமரா சுமார் என்று அவன் கடைசியாகக் காட்டியது, 2031 வரை. விலை வித்தியாசம் எண்பது வெள்ளி. அத்தை அதையே எடுத்தார். ரசீதின் பின்பக்கத்தில் ‘2031’ என்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஃபெர்ரியில் இன்னொரு செய்தியும் சொன்னேன். 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஆர்மோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பத்து ஆண்டுகளில் 250 மில்லியன் அமெரிக்க டாலர், அதற்குப் பதிலாக ஆர்மின் வடிவமைப்புகளை வைத்து இங்குள்ள நிறுவனங்கள் சொந்தச் சிப் வரையலாம், பொறியாளர்களுக்குப் பயிற்சியும் உண்டு. “அப்ப அட்டைய வாங்கிட்டாங்க” என்றார் அத்தை. “கொக்கி வைக்கிறவங்க இருக்காங்க. நடுவுல வரையறதுக்கு ஆளு வேணும், தைக்கிறதுக்கு எடம் வேணும்.” ஐம்பது வருடத் தொழிற்கொள்கையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பையைத் திறந்தார். பழைய கைப்பேசியைக் கடையில் கொடுக்கவில்லை. அதையும் புதியதையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரசீதைத் திருப்பிப் பார்த்தார்.

“2031-ல எனக்கு எழுபது. யார் மொதல்ல நிக்கிறோம்னு பாப்போம்.”